சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

நமது கீரனூர்ப் பக்கத்தில் நோய்க்கு ஒரு பயண வழி உண்டு. முதலில் கை வைத்தியம். அதற்கு அடங்காவிட்டால் கடைத்தெரு டாக்டர். அதற்கும் அடங்காவிட்டால் புதுக்கோட்டை அல்லது திருச்சி. அங்கும் கையை விரித்துவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் கூடிப் பேசி, நகையை அடகு வைத்து, வேலூருக்கு ரயில் ஏறுவார்கள். வேலூர் என்றால் கோட்டையும் சிப்பாய்க் கலகமும் நமக்குப் பாடப் புத்தகத்தில்தான். வீட்டில் வேலூர் என்றால் ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரியை 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி நம்மில் பலரும் அறிவோம். பேச்சுப் போட்டிகளில் அவர் பெயர் வராத ஆண்டே இல்லை. ஆனால் அவர் எழுப்பிய மருத்துவக் கல்லூரியில் மாணவியாகப் படித்து, அங்கேயே நோயாளியாகப் படுத்து, பிறகு அங்கேயே மருத்துவராக வாழ்ந்து மறைந்த மற்றொரு பெண்மணியின் பெயர் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவரே டாக்டர் மேரி வர்கீஸ். பத்தாம் வகுப்பில் டாக்டர் ஆக வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருக்கும் நாம் அவரைத் தெரிந்து கொள்ளாமல் இருப்பது முறையல்ல என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு, கேரளத்தில் கொச்சிக்கு அருகே கடலும் காயலும் சூழ்ந்த சேராய் என்னும் ஊரில் பிறந்தார். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றபின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1918-இல் பெண்களுக்காகவே தொடங்கப்பட்ட பள்ளி அது. 1940-களில் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக் கொண்டது. மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வந்த மேரி, தமிழ் பேசும் நோயாளிகளுக்கு நடுவே டாக்டரானார். படிப்பு முடிந்தபின் பயிற்சிக் காலத்தில் அவர் மனம் மகப்பேறு மருத்துவத்தை நாடியது. அன்றைய பெண் டாக்டர்கள் பெரும்பாலோர் நாடிய துறை அதுவே. தாய்மார்கள் பிரசவத்தில் மாண்டு போவதைக் கண்ணாரக் கண்ட காலம் அல்லவா?

1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஒரு விடுமுறை நாளில் இளம் டாக்டர்கள் சிலர் ஒன்றாகச் சேர்ந்து காரில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். மேரியும் உடன் சென்றார். வழியில் அந்த வண்டி விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்தது. அது வெளியே தெரிந்த காயம். வெளியே தெரியாத காயம் முதுகில் இருந்தது. தண்டுவடம் நசுங்கிவிட்டது. அன்றுமுதல் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, தண்டுவடம் என்பது என்ன என்பதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அதைப் புரிந்து கொள்ளாமல் மேரி அம்மையாரின் வாழ்க்கையைப் புரிந்து கொள்ள இயலாது.

நமது அறிவியல் பாடத்தில் தண்டுவட நரம்புகள் 31 இணைகள் என்று மனப்பாடம் செய்கிறோம். தேர்வில் ஒரு மதிப்பெண். ஆனால் அந்த 31 இணைகளும் என்ன வேலை செய்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் உடல் சிலிர்க்கிறது. முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. 33 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண். அந்தத் தூணின் நடுவே உள்ள குழாயில் தண்டுவடம் இறங்குகிறது. சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். சுண்டுவிரல் பருமன்கூட இராது. மூளை இடும் கட்டளை கால்விரலுக்குப் போவதும், காலில் முள் குத்திய செய்தி மூளைக்கு வருவதும் இந்த மெல்லிய வடத்தின் வழியாகத்தான். கழுத்துப் பகுதியில் அது சிதைந்தால் கைகளும் கால்களும் செயலிழக்கும். மிக மேலே சிதைந்தால் மூச்சே நின்றுவிடும். மார்பு அல்லது இடுப்பு மட்டத்தில் சிதைந்தால் கைகள் தப்பும், கால்கள் போகும். எங்கே சிதைந்தாலும் பொதுவாகச் சிறுநீர், மலம் இவற்றின் கட்டுப்பாடு போய்விடும். நடக்க முடியாமை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. இது தெரிவதில்லை; வெட்கத்தால் யாரும் சொல்வதுமில்லை. ஆனால் நோயாளியை வீட்டுக்குள் முடக்கிப் போடுவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

கையில் எலும்பு முறிந்தால் கூடுகிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. கையில் உள்ள நரம்பு அறுந்தால்கூடத் தைத்து வைத்தால் மெல்ல மெல்ல வளர்கிறது. தண்டுவடத்தில் மட்டும் அறுந்த இழைகள் மீண்டும் வளர்ந்து சேர்வதில்லை. காயம்பட்ட இடத்தில் தழும்பு உண்டாகி வழியை அடைக்கிறது. இழைகளைச் சுற்றியுள்ள உறைப் பொருளே வளர்ச்சிக்குத் தடையாகவும் நிற்கிறது. இதனால் முதுகு அறுவைச் சிகிச்சை என்றதும் டாக்டர்கள் அறுந்த வடத்தை ஒட்ட வைக்கிறார்கள் என்று நாம் எண்ணுவது தவறு. வடத்தை அழுத்திக் கொண்டிருக்கும் எலும்புத் துண்டை அகற்றுவார்கள். ஆடிப்போன முள்ளெலும்புகளைத் தண்டும் திருகாணியும் கொண்டு அசையாமல் பிணைப்பார்கள். மேலும் கெடாமல் காப்பதே அந்த அறுவையின் முதல் நோக்கம். காயம்பட்ட 24 மணி நேரத்துக்குள் அந்த அழுத்தத்தை நீக்கிவிட்டால் ஓரளவு கூடுதலாக மீட்சி கிடைக்கிறது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேரி அம்மையார் விபத்துக்குள்ளான 1954-இல் இந்தத் திருகாணிகளும் இல்லை, உட்புறத்தைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் கருவிகளும் இல்லை.

எகிப்து நாட்டில் சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருளில், கழுத்து எலும்பு முறிந்து கை கால் விழுந்து போன நோயாளியைப் பற்றிக் குறிப்பு இருக்கிறதாம். அதை எழுதிய மருத்துவர் அது மருத்துவம் செய்வதற்குரிய நோய் அன்று என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ 20-ஆம் நூற்றாண்டு வரை மாறவில்லை என்பது வியப்பு. முதல் உலகப் போரில் முதுகில் குண்டுபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் இறந்தனர். அவர்களைக் கொன்றது காயம் அன்று. படுக்கைப்புண்ணும், சிறுநீரகத்தில் ஏறிய கிருமியுமே. உணர்வு இல்லாத உடலை ஒரே பக்கமாகக் கிடத்தினால் எலும்பு அழுத்தும் இடங்களில் இரத்தம் ஓடாமல் சதை அழுகிவிடும். வலி தெரியாதாகையால் நோயாளி திரும்பிப் படுக்கவும் மாட்டார்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் 1944-இல் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இதற்கு வழி கண்டார். அவர் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடிவந்த யூதர். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவானாலும் பகலானாலும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றார். சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும் என்றார். பிறகு அவர்களை உட்கார வைத்தார், வேலை கற்பித்தார், பந்தாட வைத்தார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் தம் மருத்துவமனைத் தோட்டத்தில் 16 பேரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கு அதுவே வித்து. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் நம் சேலத்து மாரியப்பன் தங்கம் வென்றபோது ஊரெல்லாம் மகிழ்ந்ததே, அந்த ஆலமரத்தின் விதை விழுந்த இடம் ஒரு தண்டுவட வார்டு.

ஆனால் 1954-இல் நமது நாட்டில் இத்தகைய நோயாளிகளுக்கு என்று வார்டும் இல்லை, அந்தக் கலையைக் கற்ற டாக்டர்களும் இல்லை என்றே சொல்லலாம். எனவே மேரி அம்மையாரின் நிலை என்ன? உயிர் பிழைத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கினார். மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார். மற்ற நோயாளிகளுக்கு ஆறுதல் என்ற பெயரில் பொய் சொல்லலாம். டாக்டரிடம் எப்படிச் சொல்வது? ஆயினும் அவரும் தொடக்கத்தில் எழுந்து நடப்போம் என்றே நம்பியிருந்தார். அதற்காக ஜெபித்தார். அந்த நம்பிக்கையைக் கைவிடுவதே விபத்தைவிடப் பெரிய துன்பமாய் இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். கண்ணாடியில் பார்த்தால் தழும்பு ஓடிய முகம். குனிந்து பார்த்தால் தமக்குச் சொந்தமில்லாதவை போன்ற கால்கள். பிரசவ வார்டில் நின்று வேலை செய்யும் கனவு முடிந்து போயிற்று.

அவ்வேளையில் அவருக்கு வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் ஆங்கிலேயர் என்றாலும் நம்மவர் என்றே சொல்ல வேண்டும். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை உருவாக்கியவர். தொழுநோய்க் கிருமி கையின் நரம்பைக் கெடுப்பதால் சில தசைகள் செயலிழந்து விரல்கள் நண்டுக் கொடுக்குப்போல் வளைந்துவிடுகின்றன. கெடாமல் இருக்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினால் விரல் நிமிர்கிறது. சோறு பிசையலாம், மண்வெட்டி பிடிக்கலாம், எழுதலாம்.

இந்த அறுவையை மேரி கற்றுக் கொண்டு செய்யலாம் என்பது பிராண்டின் யோசனை. கேட்பதற்கு ஆறுதல் வார்த்தை போலத் தோன்றும். உண்மையில் அது மிக நடைமுறையான யோசனை. வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்யும் டாக்டர் மணிக்கணக்கில் நின்றாக வேண்டும். கையில் அறுவை செய்பவரோ, கால்கள் நன்றாக இருப்பவரானாலும், நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்கிறார். நோயாளியின் கை ஒரு சிறு பலகை மேல் நீட்டப்பட்டிருக்கும். டாக்டர் எதிரே அமர்வார். அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மேரியின் விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அவ்வாறே ஆயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வற்ற டாக்டர், விரல்களில் உணர்வற்ற நோயாளிகளின் கைகளைத் திருத்தத் தொடங்கினார். இதில் பிராண்ட் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான ஒன்று நடந்தது. தொழுநோயாளிகள் அந்நாளில் ஊரார் விலக்கி வைத்தவர்கள். குளத்துப் படித்துறையும் கோயில் வாசலும் அவர்களுக்கு இல்லை. அறுவை முடிந்தும், இனி எங்கே போவோம், யார் வேலை தருவார்கள் என்ற சோர்வில் இருந்தவர்கள். தங்களுக்கு மருந்து போட வரும் டாக்டர் தங்களைவிடப் பெரிய ஊனத்துடன் சக்கர நாற்காலியை உருட்டிக் கொண்டு வருவதை அவர்கள் கண்டார்கள். அவர் போன பிறகு வார்டில் எழுந்து உட்கார்ந்தவர்கள் பலர். நூறு புத்திமதிகள் செய்யாததை அந்த நாற்காலியின் சக்கரச் சத்தம் செய்தது போலும்.

பெரும்பாலான வரலாறுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அவருடைய மன உறுதியைப் புகழ்ந்து முடித்துவிடுகின்றன. ஆனால் நமக்கு ஒரு எண்ணம் தோன்றுகிறது. மேரி வர்கீஸ் விபத்துக்குள்ளானது ஒரு பெரிய மருத்துவமனைக்கு வேண்டிய டாக்டராக. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கத் தேர்ந்த செவிலியர் இருந்தனர். அவருக்கு ஏற்ற வேலையை யோசிக்க ஒரு பிராண்ட் இருந்தார். அந்தக் கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் வேலையில் வைத்துக் கொண்டது. அதே ஆண்டில் நம் மாவட்டத்தில் பனை மரத்திலிருந்து விழுந்த ஒருவருக்கு இவற்றில் எது இருந்திருக்கும்? உறுதி அவரிடமும் இருந்திருக்கலாம். உறுதி மட்டும் போதவில்லை.

இதை நம்மைக் காட்டிலும் தெளிவாக உணர்ந்தவர் மேரி அம்மையாரே. அதனால்தான் தமக்குக் கிடைத்த வேலையோடு அவர் திருப்தி அடையவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தண்டுவட நோயாளிகளுக்கென்று சிறப்பான மருத்துவப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே சென்று தம் உடலை ஆளும் பயிற்சியைப் பெற்றார். அங்கே நோயாளிகள் சுதந்திரமாக இயங்குவதையும் கண்டார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குச் சென்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹவர்ட் ரஸ்க் என்பவர் நடத்தி வந்த நிலையத்தில் உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும் என்னும் புதிய துறையை முறையாகப் பயின்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்த ஓர் இந்தியப் பெண் கடல் கடந்து போய் மேல்படிப்புப் படிப்பது 60 ஆண்டுகளுக்கு முன் எத்தகைய காரியம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றும்கூட நம் பேருந்துகளில் எத்தனையில் ஒரு சக்கர நாற்காலியை ஏற்ற முடியும்?

நாடு திரும்பியவர் 1963-இல் வேலூர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் ஒரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து அத்தகைய நிலையம் அமைந்தது அதுவே முதன்முறை. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த நிலையத்தில் என்ன நடக்கிறது? முதலில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் உண்மை சொல்லப்படுகிறது. எது திரும்பி வரலாம், எது வராது என்பதை மறைப்பதில்லை. பிறகு பாயில் புரளுவது, எழுந்து உட்காருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தாமே மாறுவது ஆகியவற்றைக் குழந்தை கற்பதுபோல் கற்கிறார்கள். கைகளுக்கு வலுவேற்றப்படுகிறது, இனி கால் செய்த வேலையையும் கைதானே செய்ய வேண்டும்? கை உள்ளவர் நாற்காலியின் பிடியை ஊன்றி அவ்வப்போது இருக்கையிலிருந்து உடலைத் தூக்கிக் கொள்ள வேண்டும். அந்தச் சில விநாடி இரத்த ஓட்டமே படுக்கைப்புண்ணைத் தடுக்கும். கால்களுக்குக் காலிப்பர் பூட்டி, இரு கம்பிகளுக்கு இடையே நிற்கப் பழகுகிறார்கள். சிறுநீரைக் குழாய் கொண்டு தாமே வெளியேற்றப் பழகுகிறார்கள். இதற்கு அறுவைக்கூடத்துச் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று 1972-இல் அமெரிக்க டாக்டர் லாபிடஸ் எடுத்துக்காட்டிய பிறகு, குடிசை வீட்டிலும் இது கைகூடியது. எத்தனை சிறுநீரகங்களை அந்தச் சோப்புத் துண்டு காப்பாற்றியிருக்கும்! மருத்துவ ஆராய்ச்சி என்றதும் பெரிய இயந்திரங்களையே நாம் எண்ணுகிறோம். கண்ணுக்குத் தெரியாமல் பல ஆயிரம் பேரை வாழவைத்த ஆராய்ச்சி இப்படியும் இருக்கிறது.

வீட்டார் ஒருவர் நோயாளியுடனே தங்கி எல்லாவற்றையும் கற்றுக் கொள்வது வேலூரின் முறை. மேல்நாட்டில் செவிலியர் வீடு தேடி வருவர். நம் ஊரில் அம்மாவும் மனைவியும் தங்கையுமே செவிலியர். தையல், சிறு கடை, கோழி வளர்ப்பு என்று வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழிலும் யோசிக்கப்படுகிறது. நிலையத்தைச் சேர்ந்தவர்கள் நோயாளிகளின் வீட்டுக்கே சென்று பார்ப்பதும் உண்டு. நாற்காலி வாசலில் நுழையுமா, வாசற்படியின் உயரம் என்ன, கழிப்பறை எங்கே என்பவை அங்கே மருத்துவக் கேள்விகள்.

குணமாதல் என்ற சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் பொருளை இந்நிலையம் மாற்றிவிட்டது என்றே சொல்ல வேண்டும். மேரி அம்மையாரின் தண்டுவடம் கடைசி வரை குணமாகவில்லை. இதை நம் பக்கத்து வீடுகளிலும் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் சுற்று வட்டாரத்தில் புளி உலுக்கப் போய் விழுந்தவர், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர், மாட்டு வாடிவாசலில் தூக்கி எறியப்பட்டவர், மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டவர் என்று கணக்கெடுத்தால் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார். நாம் அறிந்த ஓர் அண்ணன் அப்படிக் கிடந்தார். மாமரத்திலிருந்து விழுந்தவர். அவருக்கு முதுகில் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின், மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருப்பதே வீட்டாருக்குத் தெரியாது. அவர் நடந்தால் நல்லது, நடக்காவிட்டால் விதி. இரண்டுக்கும் இடையில் வேறு ஒன்று உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று யாரோ சொல்ல, இருந்த அரை ஏக்கரை விற்கும் பேச்சும் நடந்தது. தண்டுவடக் காயத்தை ஸ்டெம் செல் குணப்படுத்தும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. முறையான ஆய்வுகளுக்கு வெளியே இதற்குப் பணம் வாங்கிச் செய்யக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். தண்டுவடத்தின்மேல் மின்முனைகளைப் பொருத்திச் சிலரை நடக்கவைத்த ஆய்வு 2018-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளிவந்தது. அது உண்மையான முன்னேற்றம்; ஆனாலும் மிகச் சிலரிடம், நீண்ட பயிற்சியோடு செய்து பார்த்தது. அந்த நல்ல நாள் எல்லாருக்கும் வரும்வரை அரை ஏக்கர் அப்படியே இருப்பதுதான் நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், பெற்றோரும் படிப்பார்கள் அல்லவா? மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரைக் கண்டதும் நம்மவர்கள் அன்பு மிகுதியால் ஓடிப்போய் அக்குளில் ஒருவர், காலில் ஒருவர் என்று மூட்டையைப்போல் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துவிடுகிறார்கள். எலும்பு முறிந்து, வடம் தப்பியிருந்தால், அந்த மடக்கலில் வடமும் அறுந்து போகலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, அவரை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக் கொண்டிருக்க வேண்டும். தீயோ வெள்ளமோ போன்ற ஆபத்திலிருந்து நகர்த்தியே ஆக வேண்டுமானால் மூன்று நான்கு பேர் சேர்ந்து உடலை ஒரே கட்டையைப்போல் புரட்டிப் பலகையில் கிடத்த வேண்டும். கதவைக் கழற்றினாலும் பலகைதான்.

மேரி அம்மையார் தொடங்கி வைத்த வழியில் பிறரும் நடந்தனர், நடக்க இயலாதவர்களே நடந்தனர் என்று சொல்லலாம். 1965-இல் எவரெஸ்ட் சிகரம் ஏறிய மேஜர் அலுவாலியா, அதே ஆண்டில் காஷ்மீரில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். பின்னர் டெல்லியில் இந்தியத் தண்டுவடக் காய மையத்தை நிறுவினார். நமது தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் சுற்றுப்புறக் கிராமங்களில் ஊனமுற்ற குழந்தைகளுக்காக உழைக்கிறது. இவர்கள் மூவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்: தாங்கள் பிழைத்த பாதையைப் பின்னால் வருபவருக்காக அகலப்படுத்தினார்கள்.

1972-இல் இந்திய அரசு டாக்டர் மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் வாழ்க்கையை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் 1963-இலேயே ஆங்கிலத்தில் நூலாக எழுதியிருந்தார். விருதும் நூலும் வந்தபோதும், அவர் உடல் அவரை விடவில்லை. தண்டுவடக் காயம் பட்டவர்களின் சிறுநீரகத்தையும் தோலையும் ஒவ்வொரு நாளும் காக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் பல மாதம் படுக்கை. தம் நோயாளிகளுக்குச் சொன்னதை அவர் தாமும் 32 ஆண்டுகள் கடைப்பிடித்தார். 1976-இல் துறைத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்றார். 1986-ஆம் ஆண்டு வேலூரில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 61.

பாகாயத்தில் ஆண்டுதோறும் மறுவாழ்வு மேளா ஒன்று நடைபெறுகிறது. அங்கே பயிற்சி பெற்றுப் போன பழைய நோயாளிகள் பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். சிறுநீரகத்தைச் சோதிக்கிறார்கள், புண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், தேய்ந்த சக்கரங்களைச் சரிசெய்கிறார்கள். விளையாட்டுப் போட்டிகளும் கலை நிகழ்ச்சிகளும் உண்டு. அந்த ஆண்டுதான் அடிபட்டுப் புதிதாக வந்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டு படுத்திருப்பவர்களும் அந்த நாட்களில் வெளியே அழைத்து வரப்படுகிறார்கள். பத்து ஆண்டு, இருபது ஆண்டு முன்பு அடிபட்டவர்கள் நாற்காலியை அவர்கள் பக்கத்தில் உருட்டி நிறுத்திக் கொண்டு, எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள்.